ஒரு பைக்கு இருபத்தைந்து ஓலை

மொரீஷியஸில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது 2016 ஜனவரி 1 அன்று. 2021 ஜனவரி 15 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவையும் தடைக்குள் வந்தன. ஆனாலும் சந்தையில் பலர் கையில் இருக்கும் துணிபோன்ற பையைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தி ஒட்டிய இழைகள் போலிருக்கும். நெருப்பருகே கொண்டுபோனால் உருகும். அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்கின் இன்னொரு வடிவம். அதன் பக்கத்திலேயே இன்னொருவர் கையில் தொங்குகிறது தாந்த், நம் பாட்டிமார் பஸாருக்கு எடுத்துப்போன ஓலைப்பை. இந்த இரண்டில் எது சூழலுக்கு நல்லது என்று கேட்டால் எல்லோரும் ஓலைப்பையைத்தான் காட்டுவார்கள். பதில் சரிதான், சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கையால் செய்தது, இலையால் செய்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் சூழலைக் காத்துவிடாது. நான்கு கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும். எடுத்த இலையை மரம் திரும்பத் தருகிறதா? செய்யும்போது எவ்வளவு விறகு, தண்ணீர், ரசாயனம் செலவாகிறது? எத்தனை ஆண்டு உழைக்கிறது? உழைத்து ஓய்ந்த பின் எங்கே போகிறது? ஒரு தாந்தை ஓலையிலிருந்து முடைந்து பார்த்தால் நான்குக்கும் பதில் தானாகக் கிடைக்கும்.

மரத்தை முதலில் அறிவோம்

மூலப்பொருள் வாக்வா. தாழம்பூ தரும் தாழையின் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் தாழம்பாய் முடைந்த கைகளுக்கு இந்த ஓலை புதிதாக இருந்திருக்காது. மடகாஸ்கரிலும், மொரீஷியஸ், ரெயூனியன், ரொட்ரீக்ஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளிலும் இது வளர்கிறது. வாக்வா-ஃபீனிக்ஸ் நகரத்துக்குப் பெயர் தந்ததும் இந்த மரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் சர்க்கரை கப்பலேறியது வாக்வா ஓலைப் பைகளில். பின்னர் கோணிச் சாக்கு வந்தது. 1980-இல் போர்ட் லூயி துறைமுகத்தில், சர்க்கரையைச் சாக்கில் கட்டாமல் மொத்தமாகக் கப்பலேற்றும் முனையம் இயங்கத் தொடங்கியபின் சாக்கின் தேவையும் குறைந்தது. ஒரு காலத்தில் நாட்டின் தலையாய ஏற்றுமதியையே சுமந்த பின்னல் இது என்பதை மறக்கக்கூடாது. ரொட்ரீக்ஸ் தீவிலும், ரெயூனியனின் சேன் ஃபிலிப் பகுதியிலும் முடையும் கைகள் இன்றும் இருக்கின்றன.

ஓலை ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அகலம் ஆறு முதல் பத்து சென்டிமீட்டர். இரண்டு விளிம்புகளிலும், அடிப்பக்கத்து நடு நரம்பிலும் சிவந்த முள். கிளை நுனியில் ஓலைகள் திருகுபோலச் சுற்றி அடுக்கி ஒரு கொண்டையாக நிற்கும். அந்தக் கொண்டையின் நடுவில்தான் குருத்து இருக்கிறது. புது ஓலை எல்லாம் அங்கிருந்தே வருகிறது. தென்னையைப் போலவே இதற்கும் தண்டு பருத்துக் காயத்தை மூடும் தன்மை கிடையாது. குருத்தை வெட்டினால் அந்தக் கொண்டை அதோடு முடிந்தது. இளம் ஓலை மிருதுவாக, வெளிறி, முடைய எளிதாக இருக்கும் என்பதால் ஆசை அங்கேதான் போகும். முதலுக்கே மோசம் வருவதும் அங்கேதான்.

அதனால் அறுக்க வேண்டியது கொண்டையின் கீழடுக்கில் உள்ள, முற்றிய, இன்னும் பச்சையாக இருக்கும் ஓலை. மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டதை எடுத்தால் நார் உடையும்; வளைக்கும்போது குறுக்கே வெடிக்கும். ஒரு கொண்டைக்கு மூன்று ஓலை போதும். அறுப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: குருத்தருகே விரிந்திருக்கும் மிக இளைய ஓலையில் ஒரு வண்ண நூலைக் கட்டுங்கள். சில மாதம் கழித்து வந்து, நூலுக்கு மேலே எத்தனை புது ஓலை விரிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று எடுத்தீர்கள், மூன்றோ அதற்கு மேலோ வந்திருக்கிறது என்றால் அடுத்த அறுவடைக்கு மரம் தயார். இரண்டுதான் என்றால் காத்திருங்கள். வளம் தாங்கும் அளவுக்குள் எடுப்பது என்று பாடநூல்களில் படிப்பது இதைத்தான். ஒரு நூலும் ஒரு கணக்கும் போதும்.

இதைத் தைப்பூசக் காவடிக் காலத்தில் நாம் வெட்டும் தென்னங்குருத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். நன்றாக வளரும் தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை விடும். ஒவ்வோர் ஓலையின் இடுக்கிலும் ஒரு பாளை வரும். தோரணத்துக்காக ஒரு குருத்தோலையை இழுத்தால் மரம் சாகாது, ஆனால் அந்த ஓலை மரத்துக்கு உணவு தேடித் தரப்போவதில்லை. ஒரே மரத்தில் ஆண்டுதோறும் நாலைந்து குருத்து இழுத்தால் காய்ப்பு குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பல மரங்களில் ஒவ்வொன்றாக எடுப்பதுதான் முறை.

இன்னொரு எச்சரிக்கை இருக்கிறது. மொரீஷியஸில் தாழை இனங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில மிக அரிதாகிவிட்டன. பெத்ரேன் பகுதியின் சதுப்பில் நிற்பவை அப்படிப்பட்டவை. 1994-இல் அமைந்த பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் ஓர் ஓலையைக்கூடத் தொடக்கூடாது. முடைவதற்கு வேண்டியது வீட்டு வேலியோரத்திலும் தோட்டத்து ஓரத்திலும் நட்டு வளர்த்த சாதாரண வாக்வா மட்டுமே.

முள் சீவுதல், உலர்த்துதல்

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே முள்ளைச் சீவிவிட வேண்டும். வாடிய பின் முள் நாரோடு சேர்த்துக் கிழிக்கும். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடிமுனையிலிருந்து நுனியை நோக்கிக் கத்தியை ஓட்டி, இரு விளிம்பிலும் அரை சென்டிமீட்டர், நடு நரம்பில் ஒரு சென்டிமீட்டர் அகற்றினால் ஒவ்வோர் ஓலையும் இரண்டு பட்டையாகும். சீவிய முள்ளை நடைபாதையில் போடாதீர்கள். காய்ந்த முள் செருப்பையும் துளைக்கும். தொட்டிச் செடியின் அடியில் பரப்பினால் மட்கும்.

பட்டைகளைக் கயிற்றில் ஒற்றை அடுக்காகத் தொங்கவிட்டு வெயிலில் காயவிடுங்கள். மேற்குக் கடற்கரையில் மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் நாலைந்து நாளில் வேலை முடியும். கியூர்பிப், வாக்வா-ஃபீனிக்ஸ் போன்ற மேட்டுநில ஊர்களில் அதே ஓலைக்கு இருமடங்கு நாள் ஆகலாம். சூறாவளி மாதங்களில் தொடங்காமல் இருப்பதே நல்லது. மாலையில் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்ட இடத்தில் கரும்புள்ளி விழும், அது பிறகு போகாது.

காய்ந்ததா என்று பார்க்கப் பட்டையைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தெரியவில்லை, கையில் குலுக்கினால் காகிதம்போலச் சலசலக்கிறது என்றால் சரி. கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். ஓலை உலரும்போது நீளம் அதிகம் மாறாது, அகலம் சுருங்கும். அரைகுறை ஈரத்தோடு முடைந்தால் அன்றைக்குப் பை இறுக்கமாக, அழகாக இருக்கும். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு பட்டையும் ஒடுங்கி, இடுக்குகள் திறந்து, பை தொளதொளத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் பூஞ்சணத்தையும் அழைத்துவரும். அந்தப் பை ஓராண்டைத் தாண்டாது. ஓராண்டில் குப்பைக்குப் போகும் ஓலைப்பையால் மரத்துக்கும் பயனில்லை, மனிதருக்கும் பயனில்லை.

இதில் எரிபொருளே செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சில நாடுகளில் தாழை ஓலையை வேகவைத்து வெளுப்பாக்குவார்கள். அதற்கு விறகு வேண்டும். இயற்கை நிறத்திலேயே தாந்த் முடைய அது தேவையில்லை, வெயிலே வெளுக்கும். நிழலில் காய்ந்த ஓலை சற்றுப் பழுப்புப் பச்சையாக நிற்கும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் சாயம் இல்லாமலே கட்டம் தெரியும். சாயம் போட்டே ஆக வேண்டுமென்றால் 100 கிராம் ஓலைக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து ஊறவைத்து, பிறகு வெங்காயத் தோல் கொதித்த நீரில் இடுங்கள்; பொன்னிறம் வரும். மஞ்சள்தூள் முதல் நாளில் பளிச்சென்று இருக்கும், வெயிலில் சீக்கிரம் வெளிறும். கடையில் விற்கும் ரசாயனப் பொடிச் சாயம் கலந்த தண்ணீரை வடிகாலில் ஊற்றுவது கூடவே கூடாது. இத்தீவில் ஓடும் நீர் எல்லாம் கடைசியில் பவளப்பாறை சூழ்ந்த கடலில்தான் சேருகிறது.

காய்ந்த பட்டையைக் கட்டைவிரலுக்கும் கத்தியின் முதுகுக்கும் நடுவில் பிடித்து நாலைந்து முறை இழுங்கள். சுருண்ட ஓலை தட்டையாகி, மினுமினுப்பும் மென்மையும் வரும். அழுத்தம் மிஞ்சினால் நரம்போடு நரம்பாகப் பிளந்துவிடும். பின் ரிப்பன்போலச் சுருட்டிக் கட்டி, இரண்டு மூன்று நாள் வைத்து, எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை சுருட்டுங்கள்.

கணக்கும் முடைதலும்

இப்போது எத்தனை ஓலை வேண்டும் என்று பார்ப்போம். அடி 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், உயரம் 30 செ.மீ. உள்ள சந்தைப்பை. பட்டை 1 செ.மீ. அகலம். அடியில் நீளவாட்டில் 12 பட்டை. ஒவ்வொன்றும் அடி 30, இரு பக்க உயரம் 60, விளிம்பு மடிக்க இரு பக்கமும் 8 ஆக 16, மொத்தம் 106 செ.மீ. குறுக்குவாட்டில் 30 பட்டை. 12, 60, 16 சேர்த்து 88 செ.மீ. பக்கச் சுவருக்கு வளையமாகச் சுற்ற 30 பட்டை. சுற்றளவு 84, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிய 10, ஆக 94 செ.மீ. எல்லாம் சேர்த்து 72 பட்டை, ஏறத்தாழ 67 மீட்டர் ஓலை. முள் சீவியபோது ஓர் ஓலை இரண்டு அகலப் பட்டையானது; அவை ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. பட்டை இரண்டு கிடைக்கும் என்றால் 18 ஓலை. கைப்பிடிக்கும், கிழிந்து வீணாவதற்கும் 7. ஆக ஒரு பைக்கு 25 ஓலை.

பத்துக் கொண்டை உள்ள ஒரு மரத்தில் கொண்டைக்கு மூன்று எடுத்தால் 30. அதாவது ஒரு மரத்தின் ஒரு முறை அறுவடை ஒரு பைக்குச் சரியாகப் போகிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் கைவினை பற்றிய பல பேச்சுகள் தெளிவாகும். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஓலைப்பையைத் தாம்பூலப் பையாகக் கொடுக்க ஆயிரம் பை வேண்டுமென்று யாராவது கேட்டால், அளவைப் பாதியாகச் சுருக்கினாலும் அது நூற்றுக்கணக்கான மரங்களின் அறுவடை. அத்தனை மரம் நட்டிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

பட்டை கிழிக்க, ஒரு மரத்துண்டில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு தடித்த ஊசிகளைப் பதித்துக்கொள்ளுங்கள். ஓலையின் அடிமுனையை அழுத்தி நுனி நோக்கி இழுத்தால் ஒரே அகலத்தில் வரும். கண்ணளவில் கிழித்தால் ஒரு பட்டை அகன்றும் மற்றது ஒடுங்கியும் பின்னல் கோணும். நுனிப் பக்கம் எப்படியும் கொஞ்சம் மெலியும் என்பதால், ஒரு பட்டைக்கு அடிமுனை உங்கள் பக்கம், அடுத்ததற்கு நுனி உங்கள் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

முடைவதற்கு அரை மணி நேரம் முன் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், மேலே சொன்ன சுருக்கம் மறுபடி வந்துவிடும். 12 பட்டையைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, 30 பட்டையை ஒன்று மேல், ஒன்று கீழ் என்று நடுவிலிருந்து இரு பக்கமும் நுழைத்து வாருங்கள். ஒரு முனையில் தொடங்கினால் பின்னல் ஒரு பக்கம் சாயும். அடி முடிந்ததும் நாலு ஓரத்திலும் கோணி நூலால் இழையோட்டிக் கட்டி, பட்டைகளை மேலே மடியுங்கள். அதே அளவு மரப்பெட்டி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் வடிவம் நிற்கும். பெட்டி இல்லாமல் கையிழுப்பில் முடைகிறவர்களுக்குப் பை மேலே போகப் போக வாய் ஒடுங்கும். சுற்று வளையங்களின் இணைப்பு எல்லாம் ஒரே பக்கம் வரக்கூடாது. ஒன்று முன்னால் என்றால் அடுத்தது பின்னால், அடுத்தது இடப்பக்கம் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் தடித்து, சுமை ஏறியதும் முதலில் விரியும்.

விளிம்பில் மிஞ்சிய 8 செ.மீ.யை உள்ளே மடித்து மூன்றாவது வரிசைக்கு அடியில் செருகுங்கள். கைப்பிடி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விளிம்பில் மட்டும் தைத்த பிடி, நாலு கிலோ வெண்டைக்காயும் உருளைக்கிழங்கும் ஏறியதும் பிய்ந்து வரும். மூன்று புரியாகப் பின்னிய கயிறு ஒரு பக்கச் சுவரில் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி வளைய வேண்டும். அப்போது சுமையை அடி தாங்கும், விளிம்பு தாங்காது. பை பழுதாவதில் பெரும்பங்கு பிடி பிய்வதுதான். பிடியைச் சரியாகப் போட்டால் ஆயுள் கூடிவிடும்.

உழைப்பும் விலையும்

முடைவதைவிட ஓலை தயாரிப்பதற்கே அதிக நேரம் போகிறது. வாங்குகிறவர் கண்ணுக்குப் படுவது முடைதல் மட்டுமே. விலையைப் பேரம் பேசி அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் முடைகிறவர் எங்கே நேரத்தை மிச்சம் பிடிப்பார்? உலர்த்துவதில் இரண்டு நாள் குறைப்பார். தூரத்து மரத்துக்குப் போகாமல் பக்கத்து மரத்திலேயே மறுபடி அறுப்பார். சீவ எளிதான இளம் ஓலைக்குக் கை போகும். பூஞ்சணம் பிடித்த பையும் மொட்டையான மரமும் இப்படித்தான் வருகின்றன. முடைகிறவருக்கு நியாயமான கூலி கொடுப்பது தருமம் என்பதோடு, மரத்தைக் காக்கும் வழியும் அதுவே. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கடையில் வாங்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். அகலமான, தட்டையான, நீள வரிகள் தெரியும் பட்டை என்றால் வாக்வா. மெல்லிய நாடாபோலக் குழைந்தால் ராஃபியா என்ற பனை வகையின் நார். இங்கே விற்கும் ராஃபியாப் பைகளில் பல மடகாஸ்கரிலிருந்து வருகின்றன. அவையும் நல்ல கைவேலைதான், ஆனால் உள்ளூர் ஓலை என்று எண்ணி வாங்கக்கூடாது. மூக்கருகே கொண்டுபோங்கள். உலர்ந்த வைக்கோல் வாசனை சரி, ஈரமண் வாசனை என்றால் உள்ளே பூஞ்சணம். மேலே கண்ணாடிபோல மினுங்கும் பூச்சு இருந்தால் வேண்டாம். அந்தப் பூச்சும், உள்ளே ஒட்டிய பிளாஸ்டிக் துணியும், சூடான பசையும் ஓலையை மட்கவிடாது.

வாங்கியபின், மீனையோ ஈரக் கீரையையோ நேராக உள்ளே போடாதீர்கள். அடியில் வாழையிலை விரியுங்கள். மாதம் ஒருமுறை காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தென்பட்டால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு பட்டை அறுந்தால் அதே அகலத்தில் புதுப் பட்டையை, அறுந்த இடத்துக்கு இருபுறமும் நான்கு கட்டம் கூடுதலாக ஓடும்படி செருகினால் போதும்; தையல் வேண்டாம்.

கடைசிக் கேள்வி, எங்கே போகிறது என்பது. மொரீஷியஸ் தீவில் குப்பை கொட்டும் நிலம் ஒன்றே ஒன்றுதான், 1997 முதல் இயங்கும் மார் ஷிகோஸ். காற்றுப் புகாமல் புதைந்த இலை அங்கே உரமாக மாறாது, மீத்தேனாக மாறும். விசேஷத்துக்கு ஏழு கறி பரிமாறிய வாழையிலையை மற்றக் குப்பையோடு சேர்த்துக் கட்டி அனுப்பினாலும் இதே கதிதான். அதனால் தாந்த் உழைத்து ஓய்ந்ததும் கோணி நூலை வெட்டி, பட்டைகளைக் கையகலத்தில் நறுக்கி, வாழைக்கன்றின் அடியில் மூடாக்காகப் பரப்புங்கள். தடித்த நார் மெதுவாகத்தான் மட்கும். அதுவரை மண்ணின் ஈரத்தை அதுவே காக்கும்.

மரமே இல்லாதவர்கள் நடுவதிலிருந்து தொடங்கலாம். பெண் மரத்தில் பந்துபோன்ற பழம் பழுத்து ஆரஞ்சு நிறமாகி, துண்டு துண்டாக உதிரும். அந்தத் துண்டுகளைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் பாதி புதையும்படி வைத்து ஈரம் காத்தால் இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கும். ஒரு துண்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கன்று வந்தால் பிரித்து நடலாம். நடைபாதையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள், முள் இருக்கிறது. தண்டின் அடியில் தாங்குவேர்கள் நிலத்தைப் பிடித்து, கொண்டை கிளைக்கத் தொடங்கும் வரை கத்தியை எடுக்க வேண்டாம். எடுக்கிற நாளில் முதலில் வண்ண நூலைக் கட்டுங்கள்.